வெயிலில் வைத்த டிரம்

செல்வக்கனிக்குத் தன் புருஷன் எங்கே இருக்கிறான் என்ற சந்தேகம் ஒருநாளும் வந்ததில்லை. அண்ணாந்து பார்த்தால் போதும். துபாய்க்கும் மஸ்கட்டுக்கும் மாப்பிள்ளையை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் தூத்துக்குடிப் பெண்களுக்கு அந்த வசதிகூடக் கிடையாது. ஆனால் துபாய்க்காரன் ரெண்டு வருஷத்துக்கு ஒருதடவை பெட்டியும் கம்பளியுமாக வந்து இறங்கிவிடுவான். நிலாவுக்குப் போன பால்துரை ஆறு வருஷமாக வரவில்லை.

கல்யாணமாகி எட்டே மாதத்தில் கிளம்பினான். ரெண்டு வருஷ ஒப்பந்தம், கண்ணை மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும் என்று சொல்லிவிட்டுப் போனான். நிலாவில் பனியைத் தோண்டி எடுக்கும் நிலையம் அது. அங்கே முப்பத்திரண்டு பேர். அத்தனை பேர் மூச்சும் ஓர் இயந்திரத்தை நம்பி இருந்தது, அந்த இயந்திரம் பால்துரையை நம்பி இருந்தது. காற்றுக்காரர் என்றுதான் அங்கே அவனைக் கூப்பிடுவார்களாம். ரெண்டு வருஷம் முடிந்ததும், மாற்றாள் கிடைக்கவில்லை, இன்னும் ஒரு வருஷம் பொறுக்கவும் என்று கடிதம் வந்தது. அடுத்த வருஷமும் அதே கடிதம், தேதி மட்டும் வேறு.

மாற்றாள் கிடைக்காததற்குக் காரணம் ஆழமானி.

அந்தக் கருவி வந்தபிறகு ஊருக்குள் எல்லாருக்கும் ஒரு நடுக்கம் வந்துவிட்டது. தலையில் ஒரு பட்டையை மாட்டிவிட்டு உங்கள் வேலையைச் செய்யச் சொல்வார்கள். நீங்கள் செய்வது சரியா தப்பா என்பது அதற்குத் தெரியாது, அதைப் பற்றி அக்கறையும் கிடையாது. அந்த வேலை மண்டைக்குள் எவ்வளவு ஆழத்திலிருந்து வருகிறது என்று மட்டும் பார்த்து, ஒன்றிலிருந்து ஐந்துவரை ஓர் எண்ணைச் சொல்லும். கேட்டதைக் கிளிப்பிள்ளைபோல ஒப்பித்தால் ஒன்று. சொல்லிக்கொடுத்தவனே தப்பாகச் சொல்லியிருந்தாலும் 'இது இல்லையே' என்று கண்டுபிடிக்கிற அளவுக்குத் தெரிந்தால் ஐந்து.

கேட்கவா வேண்டும்? எலக்ட்ரீஷியன்கள் கடைப் பலகையில் 'நான்காம் ஆழம்' என்று எழுதி மாட்டினார்கள். கல்யாணத் தரகர் ஜாதகத்தோடு சேர்த்து அந்த எண்ணையும் கேட்டார். முப்பது வருஷம் பௌதிகம் நடத்திய வாத்தியார் ஒருவருக்கு ரெண்டு வந்தது. மறுநாளிலிருந்து அவர் மாலை நடைக்குக்கூட வெளியே வருவதில்லை. உப்பளத்தில் வேலை பார்த்த ஓர் அம்மாளுக்கு, மழை வருமா என்று வானம் பார்த்துச் சொல்வதில் ஐந்து வந்தது. 'இதுக்கு எதுக்குய்யா தலையில கயிறு கட்டுதிய' என்று கேட்டுவிட்டு அந்த அம்மாள் உப்பு வார மறுபடி போய்விட்டாள்.

காற்று வேலைக்கு ஐந்துதான் வேண்டும். நாலு எடுத்தவர்கள் நாட்டில் எத்தனையோ பேர் இருந்தார்கள். ஐந்து எடுத்தவர் யாரும் அகப்படவில்லை.

முதல் நீட்டிப்புக் கடிதம் வந்த அன்றே கனி முடிவு பண்ணிவிட்டாள். அவன் இறங்கி வரமுடியாவிட்டால் தான் ஏறிப் போய்விடுவது. அவளும் ஒன்றும் கரண்டி பிடித்த கை மட்டும் இல்லை. ஐ.டி.ஐ.யில் குளிர்சாதனம் படித்தவள், மீன்பிடித் துறைமுகத்து ஐஸ் கம்பெனியில் கம்ப்ரசர் பார்ப்பவள். அமோனியா வாடையில் ஊறிய உடம்பு. ஐந்து எடுத்தால் மேலே அனுப்புவோம் என்று விளம்பரத்திலேயே போட்டிருந்தார்கள். மாற்றாள் வந்தால் பழைய ஆள் இறங்கியே ஆகவேண்டும் என்று அதில் எங்கும் இல்லை. ரெண்டு பேருமாக அங்கேயே இருந்துவிடலாம், ரெண்டு தட்டு, ரெண்டு டம்ளர், போதும் என்று நினைத்தாள்.

கையேட்டில் இருந்ததெல்லாம் எந்தப் பொத்தானை எப்போது அமுக்குவது என்பதுதான். பொத்தானுக்குப் பின்னால் நடப்பதைப் பால்துரை சொல்லிக்கொடுத்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் இருபது நிமிஷம் பேச அனுமதி. மற்ற பெண்கள் அந்த இருபது நிமிஷத்தில் அழுவார்கள், பிள்ளைகளைக் காட்டுவார்கள். கனி நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து பாடம் கேட்டாள். சாப்பிட்டீங்களா என்று கேட்க ஒரு நிமிஷம், மிச்சம் பத்தொன்பது நிமிஷமும் வால்வும் குழாயும்.

இயந்திரத்தின் உயிர்நாடி ரெண்டு பெரிய கலன்கள். உள்ளே சின்னச் சின்ன மணிகள். ஆட்கள் விடுகிற கெட்ட காற்றை அந்த மணிகள் குடித்துக்கொள்ளும். ஒரு கலன் குடித்து நிறைந்ததும் மற்றதுக்கு மாற்றிவிட்டு, நிறைந்ததைச் சுத்தம் பண்ணவேண்டும். கலனுக்குள் மிச்சமிருக்கும் நல்ல காற்றை முதலில் நிலையத்துக்குள் இழுத்துக்கொள்ள வேண்டும். நிலாவில் ஒரு மூச்சுக் காற்றும் வீணாகக் கூடாது. பிறகு வெளிக் கதவைத் திறந்து கெட்டதைத் துரத்தவேண்டும். இதற்கு நடுவே கலனை எப்போது சூடேற்றுவது என்பதுதான் சூட்சுமம். பால்துரை சொன்னான்: "நல்ல காத்தை இழுக்கிறதுக்கு முன்னாடியே சூடு ஏத்திரணும் கனி. சூடான காத்து விரியும். ஒரு பொட்டு மிச்சமில்லாம வந்துரும்."

கனி அதை நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டாள்.

தேர்வு வருஷத்துக்கு ஒன்று, மொத்தம் மூன்று வாய்ப்பு. முதல் வருஷம் மூன்று வந்தது. அடுத்த வருஷம் நாலு. ரெண்டாவது தடவை தோற்றபோது தேர்வு மையத்து ஹில்டா மேடத்தின் மேசைக்கு முன்னால் கனி ஆடாமல் அசையாமல் நின்றுகொண்டிருந்தாள். ஹில்டா பதினோரு வருஷமாக அந்த மானியைப் பார்த்துவருபவர். மேசையில் எப்போதும் முந்திரி மக்ரூன் பொட்டலம் ஒன்று இருக்கும், தேர்ச்சி பெற்றவருக்கும் தோற்றவருக்கும் ஆளுக்கு ஒன்று.

"நீ சோறு வடிப்பியா?" என்று கேட்டார் ஹில்டா.

வடிப்பேன் என்றாள் கனி.

"கொதி வந்ததும் எதுக்குத் தீயைக் குறைக்கிற?"

"பொங்கி வழிஞ்சு அடுப்பை அணைச்சுரும் மேடம்."

"உங்க அம்மா குறைக்கச் சொன்னாங்கன்னு நீ சொல்லல பாத்தியா. சொல்லியிருந்தா அது இரவல். மானி அதைத்தான் தேடுது. உனக்கு எல்லா இடத்துலயும் அஞ்சு இருக்கு கனி. ஒரே ஒரு இடத்துல மட்டும் வேற யாரோ உனக்குள்ள பேசுறாங்க. ஒரு இடத்துல தட்டுனாலும் மொத்தத்துக்கும் அஞ்சு போடாது."

எந்த இடம் மேடம் என்று கேட்டாள். அதைச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை என்று ஹில்டா மக்ரூனை நீட்டினார். கனி வாங்கிக்கொள்ளவில்லை. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தே போனாள். எனக்குள்ள வேற யாரு பேசுவா, அவரைத் தவிர யாரு இருக்கா என்று வழியெல்லாம் அவளுக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. பட்டப்பகலில் துறைமுகத்துக்கு மேலே தேய்ந்த நிலா வெளிறிப்போய்க் கிடந்தது. அதைப் பார்க்கப் பிடிக்காமல் குனிந்தபடியே போய்ச் சேர்ந்தாள்.

மூன்றாவது வருஷம் முழுக்க நோட்டைத் திரும்பத் திரும்பப் படித்தாள். இரவல் எது, சொந்தம் எது என்று பிரிக்க முடியவில்லை. ஒவ்வொரு வரியும் அவன் குரலில்தான் கேட்டது. உண்மையைச் சொன்னால், பிரிக்க அவளுக்கு மனசும் இல்லை. ராத்திரி தனியாகப் படுத்திருப்பவளுக்கு அந்தக் குரல் ஒன்றுதான் துணை. அதையும் பிடுங்கி எறிந்துவிட்டு வா என்று ஒரு கருவி சொன்னால் எப்படி எறிவாள்?

பங்குனி மாதம். தேர்வுக்குப் பதினைந்து நாள் இருந்தது. ஐஸ் கம்பெனியில் குழாய்க்குள் காற்றுப் புகுந்துவிட்டது. அதை வெளியேற்ற ஒரு பழைய முறை உண்டு. குழாயின் நுனியை ஒரு டிரம் தண்ணீரில் முக்கிவைத்து மெல்லத் திறப்பார்கள். காற்று குமிழ்விட்டு வெளியே போய்விடும், கூட வரும் அமோனியாவைத் தண்ணீர் குடித்துக்கொள்ளும். வேலை முடிந்ததும் டிரம்மை நிழலில் வைத்து மூடவேண்டும். உடன் வேலைபார்த்த மதலைமுத்து அன்றைக்கு ஏதோ கிரிக்கெட் நினைப்பில் அதை ஏலக்கூடத்துக்குப் பக்கத்தில் வெட்டவெளியில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டான்.

பன்னிரண்டு மணிக்கு ஏலக்கூடமே அல்லோலகல்லோலப்பட்டது. மீன் வாங்க வந்தவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு கடல் பக்கம் ஓடினார்கள். சாளை விற்கும் அம்மாமார் கூடையை அப்படியே போட்டுவிட்டு, கம்பெனிக்காரனின் ஏழு தலைமுறையையும் வைதார்கள். கனி மூக்கில் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு டிரம்மை நிழலுக்கு உருட்டினாள். தகரம் தொட முடியாமல் சுட்டது.

"காலையில அவ்வளவையும் குடிச்சுட்டுச் சும்மாதானக்கா கெடந்துச்சு" என்றான் மதலைமுத்து, அசடு வழிய.

"குளுந்து கெடக்கிற வரைக்கும் பிடிச்சுவச்சிருக்கும்ல. சூடுபட்டா விட்டுரும். இதுகூடத் தெரியாம எட்டு வருஷம்..."

பாதியில் அவள் வாய் நின்றுவிட்டது.

குடித்ததெல்லாம் சூடுபட்டால் விட்டுவிடும். தண்ணீருக்கு அது என்றால் மணிகளுக்கும் அதுதான். நல்ல காற்றை இழுப்பதற்கு முன்னாலேயே கலனைச் சூடேற்றினால், மணிகள் குடித்துவைத்த கெட்ட காற்று அத்தனையும் கிளம்பி, நல்ல காற்றோடு சேர்ந்து ஆட்கள் இருக்கும் அறைக்குள்ளேயே போய்விடும். குளிர்ந்து கிடக்கும்போதே நல்லதை இழுத்துக்கொள்ள வேண்டும். கதவைத் திறக்கிற நேரத்தில்தான் சூடு. எட்டு வருஷமாக டிரம்மை நிழலுக்கு நகர்த்துகிறவள் அவள். ஒருநாளாவது இதையும் அதையும் சேர்த்து நினைத்துப் பார்த்திருப்பாளா?

சந்தோஷம் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. டிரம்மின் மேல் கையை வைத்தபடியே அடுத்ததை யோசித்தாள். பால்துரை சொன்ன மாதிரி அங்கே செய்திருந்தால் முதல் வாரத்திலேயே முப்பத்திரண்டு பேரும் சுருண்டு விழுந்திருப்பார்கள். ஆறு வருஷமாக நன்றாகத்தானே இருக்கிறார்கள். அப்படியானால் அவன் அங்கே சரியாகத்தான் செய்கிறான். அவளுக்கு மட்டும் தப்பாகச் சொல்லியிருக்கிறான்.

எதற்கு?

அந்தப் பதினைந்து நாளும் அவள் பட்ட பாடு சொல்லி முடியாது. தெருவில் என்னென்ன பேசினார்கள் என்பது அவளுக்குத் தெரியும். ஆறு வருஷம் ஓர் ஆம்பிளை தனியா இருப்பானாக்கும், அங்க பொம்பளையே இல்லாமலா இருக்கும் என்று குழாயடியில் ஒருத்தி சொன்னதை அவள் அன்று சிரித்துத் தள்ளியிருந்தாள். இப்போது அது நெஞ்சில் தைத்தது. இடையில் வந்த ரெண்டு ஞாயிற்றுக்கிழமையும் அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. தலைவலி, இன்னைக்குப் பாடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்துப்போய், முன்மண்டையில் முடி கொட்டிப்போய், ஆறு வருஷமாய் வெயில் படாத அந்த வெளுத்த முகத்தில் அவளால் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

தேர்வு நாளில் பட்டையை மாட்டிக்கொண்டு மாதிரி இயந்திரத்தின் முன்னால் நின்றாள். கலன் நிறைந்துவிட்டதாக விளக்கு எரிந்தது. சூடேற்றும் கைப்பிடியைத் தொடாமல் இழுக்கும் வால்வைத் திறந்தாள். மூன்று வருஷத்தில் முதல்முறையாக அந்த இடத்தில் பால்துரையின் குரல் கேட்கவில்லை. வெயிலில் காய்ந்த தகரத்தின் சூடுதான் உள்ளங்கையில் இருந்தது.

ஹில்டா திரையை ரெண்டு தடவை பார்த்தார். ஐந்து என்றார்.

பிறகு இரும்பு அலமாரியைத் திறந்து, ஒட்டிய உறை ஒன்றை எடுத்து வந்து முன்னால் வைத்தார். பணி ஆணை. இதைத் தேர்ச்சிக்கு அப்புறம்தான் காட்ட வேண்டும் என்பது விதி, முன்னாலேயே காட்டினால் மானி வேலையை அளக்காது, பயத்தைத்தான் அளக்கும் என்று சொல்லிக்கொண்டே பிரித்தார். கனி வாசித்தாள். ஒரு வரியில் நின்று, மறுபடி வாசித்தாள்.

"மாற்றாள் வந்ததும் அவுக இறங்கிரணும்னு போட்டிருக்கே மேடம்."

"ஆமா. ஒரு நிலையத்துக்கு ஒரு காத்துக்காரர்தான். நீ ஏறினா அவர் இறங்கணும்."

"அவுகளுக்கு இது தெரியுமா?"

"ஏறும்போதே கையெழுத்து வாங்கியிருப்பாங்க. வெளியில யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னும் அதுலயே இருக்கும்."

கனி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அவன் ஏன் தப்பாகச் சொன்னான் என்பது அப்போது விளங்கியது. மற்ற எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்து, ஒரே ஓர் இடத்தில் மட்டும் அவளைத் தட்டவிட்டிருக்கிறான். தான் இறங்கிவருவதற்கு இருந்த ஒரே வழியைத் தானே அடைத்துக்கொண்டு மூன்று வருஷம் உட்கார்ந்திருக்கிறான். குழாயடிப் பேச்சை நம்பிய பதினைந்து நாளை நினைத்து அவளுக்குக் கூச்சமாக இருந்தது. அதற்குமேல் ஆத்திரமாக வந்தது, அதற்கும்மேல் அவனை இப்போதே பார்க்கவேண்டும்போல இருந்தது.

ஹில்டா மக்ரூன் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல், பொறுப்பை ஒப்படைக்க அங்கே ரெண்டு பேரும் சேர்ந்து இருக்க வேண்டும் என்றார். எத்தனை நாள் என்று கேட்டாள் கனி.

"ஒம்பது நாளுக்குக் குறையக்கூடாது. புது ஆளுக்கு எல்லாம் புரிஞ்சுபோச்சுன்னு பழைய ஆள் எழுதிக்கொடுக்கணும். அதுவரைக்கும் இழுக்கலாம். கப்பல் நாப்பத்தோரு நாள் நிக்கும், அதுக்குமேல நிக்காது." ஒரு மக்ரூனை எடுத்து நீட்டி, "அங்க மானி கிடையாது. அவர் சொல்றதுதான்" என்றார்.

இந்தத் தடவை கனி மக்ரூனை வாங்கிக்கொண்டாள். திங்கட்கிழமைக்குள் கையெழுத்துப் போடவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை. திரையில் பால்துரை வந்ததும் சாப்பிட்டீங்களா என்றுகூடக் கேட்காமல் ஆரம்பித்தாள்.

"சூடு ஏத்துறதுக்கு முன்னாடிதான காத்தை இழுக்கணும்?"

இங்கே சொன்னது அங்கே போய், அங்கே சொன்னது இங்கே வர ரெண்டரை வினாடி ஆகும். ஆறு வருஷத்தில் ரெண்டு பேருக்கும் அந்த இடைவெளி பழகிப்போயிருந்தது. இன்றைக்கு அது நீண்டுகொண்டே போனது.

"யாரு சொன்னா?" என்றான் கடைசியில்.

"யாரும் சொல்லல. நானா கண்டுபிடிச்சேன். அஞ்சு வந்துருச்சு."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். பிறகு மெல்ல மெல்லச் சொன்னான். அவள் பாடம் கேட்ட முதல் நாளே வேண்டாம் என்று சொல்ல நினைத்தானாம். சொன்னால் ஏன் என்று கேட்பாள், ஏன் என்று சொல்ல அவனுக்கு அனுமதி இல்லை. சொல்லிக்கொடுக்காமலும் இருக்க முடியவில்லையாம். அந்த இருபது நிமிஷம் அவள் முகம் எதிரே இருக்குமே, பாடம் நின்றுபோனால் எதைப் பேசுவது? அதனால் எல்லாவற்றையும் சரியாகச் சொல்லி, அந்த ஒன்றை மட்டும் மாற்றினானாம்.

"நீ இங்க, நான் அங்கன்னு ஆயிருச்சுன்னா என்னட்டி மிச்சம்? அதுக்கு இப்படியே இருந்துட்டுப் போவோம். நீயாவது வெயில்ல நடக்கலாம், மழையில நனையலாம். உன்னைத் தூக்கி இந்த டப்பாக்குள்ள போட்டுட்டு நான் கடற்கரையில காத்து வாங்கணுமா?"

"மூணு வருஷம் என்னைய முட்டாளாக்கிட்டிய" என்றாள் கனி. "நான் எங்க இருக்கணும்னு நீங்க எப்படி முடிவு பண்ணலாம்? எனக்கு உங்களப் பாக்கணும். தொட்டுப் பாக்கணும். வேற ஒண்ணும் வேண்டாம். நாளைக்குக் கையெழுத்துப் போடப் போறேன்."

"ஒம்பது நாளுக்காகவா?"

கனி கண்ணைத் துடைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தாள். இன்னும் ஏழு நிமிஷம் இருந்தது.

"ஒம்பது நாளு, சட்டுனு புரிஞ்சுக்கிறவளுக்கு. எனக்கு மண்டையில ஏற நேரமாகும்னு உங்களுக்குத் தெரியாதா? கப்பல் நாப்பத்தோரு நாள் நிக்குமாம். அதுக்கப்புறம் நீங்க இறங்கிப் போய் அண்ணாந்து பாத்துக்கிட்டு இருங்க. ஆறு வருஷம் நான் பாத்தாச்சு."

அவன் ஒன்றும் விளங்காமல் விழித்தான். கனி நோட்டை எடுத்து மடியில் விரித்து, ஒன்றுமறியாதவளைப்போல முகத்தை வைத்துக்கொண்டாள்.

"அப்ப ஒரு சந்தேகம். முதல்ல சூடு ஏத்திட்டுத்தான காத்தை இழுக்கணும்?"

ரெண்டரை வினாடி போனது. இன்னும் கொஞ்சம் போனது. பால்துரையின் முகத்தில் ஏதோ அசைந்தது. உதட்டைக் கடித்துப் பார்த்தான், முடியவில்லை. ஆறு வருஷத்தில் அவன் அப்படிச் சிரித்து அவள் பார்த்ததில்லை. சிரித்துக்கொண்டே அழுதான்.

"இல்லட்டி, தப்பு. உனக்கு ஒண்ணுமே புரியல. முதல்லயிருந்து சொல்லுதேன், கவனமாக் கேளு."

சொல்லுங்க என்று அவள் பேனாவைத் திறந்தாள். அவன் ரொம்ப நிதானமாக ஆரம்பித்தான். இருபது நிமிஷம் முடிந்து திரை அணைந்தபோது முதல் வால்வையே தாண்டியிருக்கவில்லை.